பஸ்ஸுக்கு ஒன்று, மொட்டை மாடிக்கு ஒன்று: வெளியே பாட்டுக் கேட்க எந்த ஹெட்ஃபோன்?

ஏசி போட்ட கடையில் போட்டுப் பார்த்தபோது பிரமாதமாக ஒலித்த ஹெட்ஃபோன், மறுநாள் காலை பஸ்ஸில் சப்பென்று ஒலிக்கிறது. மிருதங்கத்தின் தொப்பி, அதாவது இடது பக்கத்து ஆழ்ந்த அடி, காணாமல் போய்விட்டது, பேஸ் கிட்டாரும் இல்லை. பாடகர் குரல் மட்டும் தகரத்தில் தட்டியதுபோல் வருகிறது. ஹெட்ஃபோனில் பழுது எதுவும் இல்லை. டீசல் இன்ஜினின் உறுமலும் சக்கரத்தின் அதிர்வும் தாழ்ந்த சுரங்கள் இருக்கும் அதே இடத்தில் உட்கார்ந்துகொண்டு பாட்டின் அடித்தளத்தை மூடிவிடுகின்றன. உடனே கை தானாக வால்யூமை ஏற்றும்.

அந்த ஏற்றம்தான் ஆபத்து. ஓடும் பஸ்ஸுக்குள் இரைச்சல் 80 டெசிபலைத் தொடுவது சாதாரணம். அதற்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் 90 டெசிபலுக்குப் போக வேண்டியிருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலில் 4 மணி நேரம்தான். போக ஒரு மணி, வர ஒரு மணி என்று தினமும் பயணம் செய்கிறவர் செவ்வாய்க்கிழமை மாலையே அந்த வார அளவைத் தீர்த்துவிடுகிறார். அதனால் கையோடு கொண்டுபோகும் ஹெட்ஃபோனை ‘எது நல்ல சவுண்டு’ என்று தேடத் தொடங்கக் கூடாது. எங்கே உட்கார்ந்து கேட்கப் போகிறோம், அங்கே எவ்வளவு இரைச்சல், அந்த இரைச்சலை ஹெட்ஃபோன் எவ்வளவு தடுக்கும் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். சவுண்டின் தரம் அடுத்தபடி.

இந்தக் கண்ணோடு நான்கு வகை ஹெட்ஃபோன்களைப் பார்ப்போம். ஒவ்வொன்றிலும் பலரும் அறிந்த ஒரு மாடல்.

முதலில் எதையும் தடுக்காத ஒன்று. கோஸ் போர்ட்டா ப்ரோ 1984-இல் வந்தது. நாற்பது வருடம் கடந்தும் கிட்டத்தட்ட அதே வடிவில் விற்பனையில் இருக்கிறது. மெல்லிய எஃகுப் பட்டை இரண்டு, காதின் மேல் பட்டும் படாமலும் உட்காரும் ஸ்பாஞ்சு வட்டம் இரண்டு, காதுக்குச் சற்று மேலே பொட்டில் அழுந்தும் சின்ன மெத்தை இரண்டு. மடித்து, பட்டையின் நுனியில் இருக்கும் கொக்கியை மாட்டினால் உள்ளங்கைக்கு அடக்கமாகிவிடும். எடை 80 கிராமுக்குள்தான். பொட்டு மெத்தையின் பக்கத்தில் ஒரு சின்ன நகர்த்தி உண்டு. அதை ‘லைட்’ பக்கம் தள்ளினால் பாரம் பொட்டுக்குப் போய்க் காது லேசாகும். ‘ஃபர்ம்’ பக்கம் தள்ளினால் ஸ்பாஞ்சு காதில் நன்றாகப் பதிந்து பேஸ் கூடும். வாங்கிய பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரிவதில்லை. ‘பேஸ் போதவில்லை’ என்று குறைப்படுகிறவர்கள் முதலில் இதைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

சவுண்டு இதமானது. நடு பேஸில் ஒரு மேடு இருக்கிறது. தொப்பி அடி உண்மையில் இருப்பதைவிடக் கொஞ்சம் தடித்துக் கேட்கும். உச்ச சுரங்கள் சற்றுத் தணிவு, அதனால் பழைய பதிவுகளின் கரகரப்பு காதைக் குத்தாது. எழுபதுகளின் திரைப்பாட்டுக்கு இவ்வளவு பொருந்தும் ஹெட்ஃபோன் இந்த விலையில் அரிது. அமெரிக்காவில் நெடுநாளாக ஏறத்தாழ 50 டாலர்தான். அங்கே வாங்குகிறவர்களுக்குக் கம்பெனி ஆயுட்கால உத்தரவாதமும் தருகிறது. இங்கே ஆன்லைனில் வாங்குகிறவர் அதை எண்ணி வாங்கக் கூடாது. விற்பவர் பில்லில் எழுதித் தரும் உத்தரவாதம் எதுவோ அதுதான் கணக்கு.

ஆனால் இது பஸ்ஸுக்கு ஆகாது. வெளிச்சத்தம் அப்படியே உள்ளே வரும், உள்ளே ஓடும் பாட்டு பக்கத்து சீட்டுக்கும் கேட்கும். இதன் இடம் மொட்டை மாடி, மாலை நடை, அதிகாலைக் கடற்கரை. நடக்கும்போது பின்னால் வரும் வண்டியின் ஹாரன் தெளிவாகக் கேட்பது இங்கே குறையல்ல, தேவை. வியர்வைக்கும் நல்லது, காது புழுங்காது. தலைமுடி நீளமானவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: எஃகுப் பட்டைகள் ஒன்றின்மேல் ஒன்று நகரும் இடத்தில் முடி மாட்டி இழுக்கும். கழற்றும்போது பட்டையை முதலில் அகட்டிவிட்டுத் தூக்கினால் தப்பலாம். கொண்டை போடுகிறவர்களுக்கும் பூ வைக்கிறவர்களுக்கும் தலைப்பட்டையே தொந்தரவு என்றால், அதே கம்பெனியின் கேஎஸ்சி75 காதில் கொக்கிபோல் மாட்டிக்கொள்ளும், பட்டை கிடையாது. விலையும் பாதிக்கும் குறைவு. ஒயர் இரண்டிலுமே நிரந்தரமாக இணைந்தது, கழற்றி மாற்ற முடியாது.

இதற்கு நேர் எதிரான குணம் சென்ஹைசர் எச்டி 25-க்கு. 1988-இல் வந்தது. டிஜேக்களும் வெளிப்புறப் படப்பிடிப்பில் ஒலிப்பதிவு செய்கிறவர்களும் இன்றுவரை கழுத்தில் தொங்கவிட்டிருப்பது. காதை மூடி அழுத்தும் சின்ன வட்டங்கள், மின்தடை 70 ஓம், ஒயரை விட்டால் 140 கிராம். தலைப்பட்டை இரண்டாகப் பிளந்து விரியும். விரித்துப் போட்டால் தலையில் அசையாமல் நிற்கும், ஓடினாலும் குனிந்தாலும் நழுவாது. பேட்டரி இல்லாமல் வெளிச்சத்தத்தைத் தடுக்கும் திறமையில், காதின் மேல் உட்காரும் ஹெட்ஃபோன்களில் இதை மிஞ்சுவது கடினம். அந்தத் திறமை முழுவதும் அழுத்தத்திலிருந்து வருகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒரு மணி நேரத்துக்குள் காது மடல் வலிக்கும். கண்ணாடி அணிகிறவர்களுக்கு அதன் கை மடலோடு சேர்ந்து அழுந்தும். தோடு போட்டவர்களுக்குப் பின்பக்கத் திருகு கழுத்தோரம் குத்தும். ஜிமிக்கியோடு இதைப் போடவே முடியாது. கடையில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்தால் இது எதுவும் தெரியாது. குறைந்தது 20 நிமிடம் போட்டிருக்க வேண்டும், வழக்கமாக அணியும் கண்ணாடியோடும் தோட்டோடும்.

எச்டி 25-ஐ நெஞ்சார விரும்புவதற்குக் காரணம் வேறு. இதில் ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைக்கும். ஒயர், பேட், ஸ்பீக்கர் கூடு, தலைப்பட்டை எல்லாமே சாதாரண ஸ்க்ரூ டிரைவர் வைத்தோ வெறும் கையாலோ கழற்றி மாட்டக்கூடியவை. ஒரு பக்கம் போய்விட்டால் ஹெட்ஃபோனைத் தூக்கி எறிய வேண்டாம், ஒயரை மாற்றினால் போதும். பத்து வருடம் வைத்திருக்கும் எண்ணத்தில் பார்த்தால் இதன் விலை அதிகம் என்று சொல்ல முடியாது. வாங்கும்போது பெயரைச் சரியாகப் பாருங்கள்: ‘எச்டி 25 லைட்’ என்பதில் பிளந்து விரியும் பட்டை இல்லை. ‘எச்டி 25 பிளஸ்’ வாங்கினால் சுருள் ஒயரும் கூடுதலாக வெல்வெட் பேடும் வரும். வெல்வெட் போட்டால் வியர்வைக்கு இதம், ஆனால் அடைப்பு கொஞ்சம் தளர்ந்து பேஸ் குறையும்.

அடுத்தது நாய்ஸ் கேன்சலிங், அதாவது இரைச்சலை அடக்கும் ஹெட்ஃபோன். இதற்காகத்தான் இன்று பெரும்பாலானவர்கள் பணத்தைச் சேர்த்து வைக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. போஸ் கம்பெனியை நிறுவிய அமர் போஸ் 1978-இல் விமானத்தில் போகும்போது இன்ஜின் சத்தத்தில் பாட்டுக் கேட்க முடியாமல், அங்கேயே கணக்குப் போடத் தொடங்கியதில் பிறந்த யோசனை இது. அவருடைய கம்பெனி பொதுமக்களுக்கான குவையட்கம்ஃபர்ட் ஹெட்ஃபோனைக் கொண்டுவரக் கிட்டத்தட்ட 2000-ஆம் ஆண்டு ஆகிவிட்டது. வேலை செய்யும் விதம் எளிது: வெளியே இருக்கும் மைக் இரைச்சலைக் கேட்கிறது, அதற்கு நேர் தலைகீழான அலையை ஸ்பீக்கர் எழுப்புகிறது, இரண்டும் மோதி அடங்குகின்றன. சுமார் 1000 ஹெர்ட்ஸுக்குக் கீழே, அதுவும் சீராக ஓடும் சத்தத்துக்குத்தான் இந்த வித்தை நன்றாகப் பலிக்கும். பஸ் இன்ஜின், ரயில் சக்கரம், ஏசி, மின்விசிறி எல்லாம் அடங்கிவிடும். பக்கத்து சீட்டில் போன் பேசுகிறவர், குழந்தை அழுகை, கண்டக்டர் விசில் எல்லாம் வரத்தான் செய்யும். அவற்றைத் தடுப்பது மெத்தையின் கனமும் அடைப்பும். விளம்பரத்தில் காட்டுவதுபோல் உலகமே ஊமையாகிவிடும் என்று எதிர்பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

சோனியின் டபிள்யூஎச்-1000எக்ஸ்எம்4 2020-இல் வந்தது. 254 கிராம், கேன்சலிங்கோடு 30 மணி நேரம், பத்து நிமிட சார்ஜுக்கு ஐந்து மணி நேரம் பாட்டு. காதை முழுக்க உள்ளே வாங்கிக்கொள்ளும் மெத்தை, மடித்துப் பைக்குள் வைக்கலாம். 2022-இல் வந்த எக்ஸ்எம்5-இல் கேன்சலிங் இன்னும் மேம்பட்டது, ஆனால் மடிக்க முடியாது, வட்டங்கள் தட்டையாகத் திரும்பும், அவ்வளவுதான். பெட்டி அகலமாகி ஆபீஸ் பையில் டிபன் பாக்ஸ் அளவு இடத்தைப் பிடிக்கும். 2025-இன் எக்ஸ்எம்6 மறுபடியும் மடிகிறது. கையோடு கொண்டுபோவதற்கென்று வாங்குகிறவருக்கு மடிப்பு சின்ன விஷயமில்லை, அதனால் தள்ளுபடியில் கிடைக்கும் எக்ஸ்எம்4 இன்றும் நல்ல தேர்வு.

பெட்டியிலிருந்து எடுத்தபடியே கேட்டால் எக்ஸ்எம்4-இன் பேஸ் மிகுதி. கச்சேரிப் பதிவுகளில் தொப்பியில் வழுக்கி ஏறும் கும்கி ஒலி குரலின் மேல் படர்ந்து, சங்கதிகளின் விளிம்பை மழுக்குகிறது. சோனியின் ஆப்பில், ஒவ்வொரு சுரப் பகுதியையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசர் இருக்கிறது: 400, 1000, 2500, 6300, 16000 ஹெர்ட்ஸ் என்று ஐந்து பட்டை, தனியாக ‘கிளியர் பேஸ்’. கிளியர் பேஸை மைனஸ் 2 அல்லது 3-க்கு இறக்கி, 400-ஐ மைனஸ் 1 வைத்தால் குரல் முன்னே வரும். பஸ்ஸுக்குள் அந்தக் கூடுதல் பேஸ் உதவியாகத்தான் இருக்கும், அதனால் வீட்டுக்கு ஒன்று, பயணத்துக்கு ஒன்று என்று இரண்டு அமைப்பைச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்த வகையின் பலவீனங்கள் மூன்று. காற்று அதில் முதல். ஜன்னலோர சீட்டில் உட்கார்ந்தால் வெளி மைக்கில் காற்று மோதி, அதுவே ‘படபட’ என்று உள்ளே கேட்கும். பல மாடல்களில் காற்றைக் குறைக்கும் அமைப்பு உண்டு, அதைப் போட்டால் கேன்சலிங்கின் திறமையும் கொஞ்சம் இறங்கும். இரண்டாவது, சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் புழுக்கம். மெத்தையை மூடியிருக்கும் செயற்கைத் தோல் பாலியூரித்தேன். ஈரமும் வெப்பமும் வியர்வையும் சேர்ந்து அதைச் சிதைக்கும். ஓரிரு வருடத்தில் கருப்புச் செதில் செதிலாகக் காதில் ஒட்டத் தொடங்குவது அதனால்தான். தேங்காய் எண்ணெய் தடவிய தலை இன்னும் வேகப்படுத்தும். மூன்றாவது பேட்டரி. லித்தியம் பேட்டரி சில நூறு சார்ஜுகளுக்குப் பிறகு கொள்ளளவை இழக்கும், வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்தால் இன்னும் சீக்கிரம். ஒயர் போட்டுக் கேட்கும் வழி இருந்தாலும், பவர் இல்லாமல் எக்ஸ்எம்4 மந்தமாகத்தான் ஒலிக்கும். அதை அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

ப்ளூடூத் கோடெக், அதாவது பாட்டைச் சுருக்கி அனுப்பும் முறை, பற்றிக் கடைக்காரர்கள் நிறையப் பேசுவார்கள். தேவையானது கொஞ்சம்தான். எஸ்பிசி எல்லாவற்றிலும் இருக்கும். ஐபோன் ஏஏசி வரைதான் போகும், எல்டிஏசி அதில் கிடையாது. ஐபோன்காரர் எல்டிஏசிக்காகக் கூடுதல் பணம் தருவது வீண். ஆண்ட்ராய்டில் எல்டிஏசி நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், ஆனால் போன் பின் பாக்கெட்டில் இருந்து, சுற்றிலும் நூறு பேர் ப்ளூடூத் பயன்படுத்தும் ரயில் பெட்டியில் 990-இல் வைத்தால் பாட்டு விட்டு விட்டு வரும். 660-க்கு இறக்கினால் விடாமல் வரும். ஓடும் ரயிலில் இந்த இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

இனி இயர்போன். பஸ் பயணத்துக்குக் குறைந்த செலவில் மிகப் பெரிய பலன் இதில்தான் இருக்கிறது என்பது எங்கள் உறுதியான கருத்து. காதுத் துளைக்குள் நன்றாக அடையும் சிலிக்கான் ரப்பர், பேட்டரி இல்லாமலே வெளிச்சத்தத்தைக் கணிசமாகக் குறைக்கும், குறிப்பாக மேல் சுரங்களை. அதாவது நாய்ஸ் கேன்சலிங் கோட்டைவிடும் இடத்தில். மூன்ட்ராப் சூ 2 போன்ற ஒயர் இயர்போன்கள் ஒரு நல்ல பேன்ட் விலைக்குள் கிடைக்கின்றன, சவுண்டில் பத்து மடங்கு விலையுள்ள ப்ளூடூத் ஹெட்ஃபோன்களோடு தாராளமாக நிற்கும். 10 மி.மீ ஸ்பீக்கர், உலோகக் கூடு. ஒயரை 0.78 மி.மீ இரட்டை முள்ளில் கழற்றி மாற்றலாம். இந்தத் தொடரின் முதல் மாடலில் ஒயர் கழலாது, அதனால் இரண்டாவதையே கேட்டு வாங்குங்கள்.

ஆனால் இயர்போன் சரியாக அடையாவிட்டால் எல்லாமே வீண், பத்தில் எட்டுப் புகார்கள் அங்கேதான் தொடங்குகின்றன. ரப்பரை வெறுமனே தள்ளினால் போதாது. வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலேயும் பின்னேயும் இழுங்கள், துளை நேராகும். அப்போது இயர்போனை லேசாகத் திருகியபடி உள்ளே விட்டு, மடலை விடுங்கள். அடைந்துவிட்டால் சொந்தக் குரல் குடத்துக்குள் பேசுவதுபோல் கேட்கும், பாட்டில் பேஸ் சட்டென்று நிறையும். தாடையை அகலத் திறந்து மூடுங்கள். அப்போது பேஸ் விட்டுப்போனால் ரப்பர் சின்னது. காது வலித்தால் பெரியது. இரண்டு காதுக்கும் ஒரே அளவு பொருந்த வேண்டும் என்ற கட்டாயமில்லை, பலருக்கு இடது வலது வேறு வேறு. ஃபோம் வகை என்றால் விரலால் உருட்டி ஒடுக்கி, உள்ளே வைத்து, விரிந்து அடையும்வரை அரை நிமிடம் பிடித்திருக்க வேண்டும்.

நடக்கும்போது ஒயர் சட்டையில் உரசும் சத்தம் காதுக்குள் ‘டொக் டொக்’ என்று ஏறும். ஒயரைக் காதின் மேல் வழியாகச் சுற்றிப் பின்பக்கம் விட்டால் பெரும்பாலும் அடங்கும். மழைக்காலத்தில் ஒரு காது மட்டும் தணிந்து கேட்டால் ஸ்பீக்கர் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். நுனியில் இருக்கும் வலையில் காதழுக்கோ ஈரமோ அடைத்திருக்கும். வலை தரையைப் பார்க்கும்படி பிடித்து, காய்ந்த மென்மையான பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். மேல்நோக்கிப் பிடித்துத் தேய்த்தால் அழுக்கு உள்ளே போய் ஸ்பீக்கரில் ஒட்டிக்கொள்ளும். தண்ணீரோ ஸ்பிரிட்டோ ஊற்றக் கூடாது.

ஒயர் ஹெட்ஃபோன் வாங்கினால் போனில் எங்கே சொருகுவது என்பது அடுத்த கேள்வி. 2016-இல் ஐபோன் 7 வந்ததிலிருந்து 3.5 மி.மீ ஜாக் போனிலிருந்து மெல்ல மெல்ல மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாகப் போனின் சார்ஜ் துளையில் சொருகும் சின்ன இணைப்புதான் யுஎஸ்பி-சி டாங்கிள். அதில் இரண்டு இனம் உண்டு, வெளிப்பார்வைக்கு ஒரேபோல் இருக்கும். ஒன்றில் உள்ளே எதுவும் கிடையாது, வெறும் கம்பி இணைப்பு. போனே அனலாக் ஒலியை அந்த வழியாக அனுப்பினால்தான் அது வேலை செய்யும். மற்றதில் டிஜிட்டல் தகவலை ஒலி அலையாக மாற்றும் டிஏசி சிப் இருக்கும், யுஎஸ்பி ஆடியோ எடுக்கும் எந்தப் போனிலும் பாடும். பிளாட்ஃபாரக் கடையில் ஐம்பது ரூபாய்க்கு வாங்கியது ஒரு போனில் பாடி இன்னொரு போனில் ஊமையாவது இதனால்தான். பெட்டியில் டிஏசி என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆப்பிளின் யுஎஸ்பி-சி டாங்கிள் சின்னது, மலிவு, சுத்தமான ஒலி, சுமார் 1 வோல்ட் தரும். ஐரோப்பாவில் விற்பது அதில் பாதிதான் தரும், உறவினர் வாங்கிவந்தது என்றால் அதை நினைவில் வைக்கவும். சில ஆண்ட்ராய்டு போன்களில் இது மிகத் தணிந்து ஒலிக்கும். போன் டாங்கிளின் உள் வால்யூமை முழுதாக ஏற்றாமல் விடுவதுதான் காரணம். டாங்கிளில் பழுது இல்லை.

1 வோல்ட் போதுமா? போர்ட்டா ப்ரோவைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60 ஓம், ஒரு மில்லிவாட்டுக்கு 101 டெசிபல். 1 வோல்ட்டில் அதற்கு 16.7 மில்லிவாட் போகும், அது 113 டெசிபல். காதுக்குத் தேவையானதைவிட மிக அதிகம். 0.5 வோல்ட் தந்தாலும் 107. ஆகவே வெளியே கேட்கும் ஹெட்ஃபோனுக்கு ஆம்ப்ளிஃபயர் வாங்கச் சொன்னால் காது கொடுக்க வேண்டாம். 300 ஓம் ஸ்டுடியோ ஹெட்ஃபோனைப் போனில் மாட்ட முயல்பவருக்குத்தான் அந்தப் பிரச்சினை, அவை கையோடு கொண்டுபோகும் பொருளே அல்ல.

கடையில் சோதிக்கும்போது சொந்தப் போனையும் நன்றாகப் பழகிய நான்கைந்து பாட்டையும் கொண்டுபோங்கள். டெமோவுக்குக் கடைக்காரர் போடும் ஈடிஎம் (எலக்ட்ரானிக் நடன இசை) பாட்டில் எந்த ஹெட்ஃபோனும் அசத்தும். முதலில் ஒரு பழைய மோனோ பதிவு, அதாவது இரண்டு காதுக்கும் ஒரே ஒலி வருவது. குரல் நெற்றியின் நட்ட நடுவில் நிற்க வேண்டும், ஒரு பக்கம் சாய்ந்தால் ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சாய்வும் திரும்பினால் குறை ஹெட்ஃபோனில், திரும்பாவிட்டால் போனிலோ காதிலோ. அடுத்து தம்புரா தனியாக ஒலிக்கும் பகுதி. கம்பியைச் சுற்றிப் படரும் ரீங்காரம் அடுக்கடுக்காகக் கேட்டால் நடு சுரங்கள் சுத்தம், ‘ங்ங்’ என்று ஒரே திட்டாகக் கேட்டால் எங்கோ ஒரு மேடு இருக்கிறது. பிறகு மிருதங்கத் தனி. வலது பக்கமான வலந்தலையின் ‘தீம்’ ஒரு சுருதியோடு தெளிவாகவும், தொப்பியின் கும்கி வழுக்கி ஏறுவது சுரமாகவும் கேட்க வேண்டும். வெறும் ‘டம் டம்’ என்றால் பேஸ் அளவு இருக்கிறது, தரம் இல்லை. நாதஸ்வரம் கடைசி: இரண்டு நிமிடம் கேட்டுக் காது கூசினால் 3000 ஹெர்ட்ஸைச் சுற்றித் துருத்தல் இருக்கிறது, அந்த ஹெட்ஃபோனில் ஒரு மணி நேரப் பயணம் தாங்காது. பாடகியின் ‘ஸ’வும் ‘ச’வும் சீறுகிறதா என்பதையும் அங்கேயே பார்த்துவிடலாம்.

இரண்டு ஹெட்ஃபோன்களை ஒப்பிடும்போது சத்தம் கூடியதுதான் எப்போதும் நன்றாக இருப்பதுபோல் தோன்றும். காது செய்யும் மாயம் இது. ஆகவே இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகே தீர்ப்புச் சொல்லுங்கள். காதை மூடும் வகையில் இன்னொரு சோதனை: பாட்டு ஓடும்போது வட்டங்களை உள்ளங்கையால் லேசாக அழுத்துங்கள். பேஸ் ஒரேயடியாகக் கூடினால் அந்த மெத்தை அந்தத் தலைக்குப் பொருந்தவில்லை, கண்ணாடியின் கை வழியே கசிகிறது. ஆன்லைனில் வாங்கினால் திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இவை எல்லாவற்றையும், மைக், சார்ஜிங், இரண்டு பக்க சமநிலை உட்பட, பஸ்ஸில் ஒருமுறை உட்கார்ந்தே சோதித்துவிட வேண்டும். இரு சக்கர வண்டி ஓட்டும்போது எதையும் காதில் மாட்டாதீர்கள், நான்கு வகைக்கும் இது பொருந்தும்.

பராமரிப்பு எளிது, ஆனால் தினமும் வேண்டும். வீட்டுக்கு வந்ததும் மெத்தையை உலர்ந்த பருத்தித் துணியால் துடைத்து, அரை மணி நேரம் காற்றாட வைத்துவிட்டுத்தான் பெட்டியை மூட வேண்டும். பெட்டிக்குள் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டுவைக்கலாம். போர்ட்டா ப்ரோவின் ஸ்பாஞ்சு வருடத்துக்கு ஒரு ஜோடி தேய்ந்து உதிரும், மாற்று ஜோடி மலிவு. பழையதைக் கழற்றியதும் விளிம்பில் ஒட்டியிருக்கும் தூளைத் துடைத்துவிட்டுப் புதியதை மாட்டுங்கள், இல்லாவிட்டால் தூள் ஸ்பீக்கர் ஓட்டைகளில் இறங்கும்.

ஒயர் முதலில் அறுவது ஜாக்கின் கழுத்தில்தான், போனைச் சுற்றி இறுக்கிச் சுருட்டுவதால். எது அறுந்தது என்பதைப் பாட்டே சொல்லும். இடது மட்டும் நின்றால் ஜாக்கின் நுனிக்குப் போகும் கம்பி, வலது மட்டும் என்றால் அதன் முதல் வளையத்துக்குப் போவது. இரண்டு பக்கமும் பாடுகிறது, ஆனால் பாடகர் குரல் மறைந்து பின்னணி வாத்தியம் மட்டும் குகைக்குள்போல் கேட்கிறது என்றால் இரண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் கம்பி விட்டுப்போயிருக்கிறது. நடுவில் இருக்கும் ஒலி ஒன்றையொன்று கழித்துக்கொள்வதால் வரும் விளைவு அது. கழுத்துக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு வெட்டி, புது ஜாக் வைக்கலாம். உள்ளே இருக்கும் முடிபோன்ற கம்பிகளின் மேல் நிறத்தோடு எனாமல் பூச்சு இருக்கும். சுரண்டினால் கம்பி அறும், அதனால் சால்டரிங் அயர்னில் கொஞ்சம் ஈயத்தை உருக்கி, அந்தத் துளிக்குள் கம்பி நுனியைச் சில விநாடி அமுக்கினால் எனாமல் எரிந்து வெள்ளி நிறம் ஏறும். பொதுவாகச் சிவப்பு வலது, பச்சையோ நீலமோ இடது, செம்பு நிறம் கிரவுண்ட். ஆனால் வைத்துவிட்டு மூடுவதற்கு முன் மல்டிமீட்டரால் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜாக்கின் கூட்டைத் திருகி மூடியதும் கழுத்தில் ஒரு அங்குலத்துக்கு சூட்டில் சுருங்கும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டுச் சூடு காட்டினால், அடுத்த முறை மடங்குவது அந்தக் குழாயாக இருக்கும், கம்பியாக இருக்காது.